இடப்பக்கத்து வாதம்

எங்கள் சட்டக் கல்லூரியின் பொதுமேடைக்கு நான்தான் பொறுப்பு. பொறுப்பு என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். பேச்சாளரைப் பிடிப்பது, தலைப்பைப் பிடிப்பது, மைக் போடுகிறவரைப் பிடிப்பது, கடைசியில் கேட்பதற்கு ஆள் பிடிப்பது, இவ்வளவுதான். வகுப்பு எடுத்தது போக மிச்சமிருக்கும் உயிரை இதற்குக் கொடுக்கிறேன். மாதாமாதம் ஒரு சொற்பொழிவு, அவ்வப்போது விவாதம், வருஷத்துக்கு ஒரு கருத்தரங்கு. ஊரில் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். நிலத்தடி நீர் உரிமை பற்றி ஒரு பேராசிரியர் பேசியபோது முன்வரிசையில் நாலைந்து பேர் வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் ஏ.சி.க்காக வந்தவர்கள் என்பது கண்ணை மூடிய வேகத்தில் தெரிந்துவிட்டது. விவாதம் என்றால் மட்டும் அரங்கம் நிறையும். சண்டை அடுத்தவருடையதாக இருந்தால் வேடிக்கை பார்க்க யாருக்குத்தான் கசக்கும்?

விவாதத்துக்கு எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு தரப்பும் பேசி முடித்தவுடன் நடுவர் பாட்டுக்குத் தீர்ப்பைச் சொல்லிவிட்டுப் போக முடியாது. முதலில் ஒவ்வொரு தரப்பின் வாதத்தையும் தன் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்தத் தரப்பு எழுந்து, ‘ஆமாம், இதைத்தான் சொன்னோம்’ என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொள்ளாவிட்டால் நடுவர் மறுபடி முயற்சி செய்ய வேண்டும். அதற்கப்புறம்தான் தீர்ப்பு. எப்போதோ ஒரு நடுவர் நன்றாகத் தூங்கி எழுந்து, தைரியமாக ஒரு தரப்பின் பெயரைச் சொல்லிவிட்டுப் போனாராம். அதற்குப் பிறகு வந்த ஏற்பாடு இது என்று கேள்வி. வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு இந்த இடம்தான் உயிர். பெரிய பெரிய மனிதர்கள் இங்கே திணறியிருக்கிறார்கள்.

இந்தத் தடவை தலைப்பை மாணவர்களே ஓட்டுப் போட்டு எடுத்தார்கள். அடுக்குமாடி வீட்டில் மேலே குடியிருப்பவருக்குத் தினமும் பாட்டுப் பழக உரிமை உண்டா, இல்லையா? நல்ல தலைப்பு. ஊரில் பாதிப் பேர் மேல்வீடு, பாதிப் பேர் கீழ்வீடு, எல்லோருக்கும் சொல்வதற்கு ஏதாவது இருக்கும். நடுவராக வருவதாக இருந்த மூத்த வழக்கறிஞருக்குக் கடைசி நேரத்தில் தொண்டை கட்டிக்கொண்டது. நான் வேறு ஆளுக்கு அலைந்துகொண்டிருக்கும்போதே எங்கள் கல்லூரி முதல்வர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் மாமியாருக்குப் போன் போட்டுவிட்டார். அத்தை ஓய்வுபெற்ற நீதிபதி. கறார் என்றால் அப்படி ஒரு கறார், ஆனால் அவரிடம் தோற்றவர்கள்கூட அவரைக் குறை சொன்னதில்லை. ‘உன் முதல்வர் ரொம்ப மரியாதையா கூப்பிட்டார், வரேன்னு சொல்லிட்டேன்’ என்று சாயங்காலம் என்னிடம் சொன்னபோது அவர் முகம் கல்யாண வீட்டுக்குப் புறப்படுகிற முகம்போல இருந்தது.

சிக்கல் ஒன்றுதான். அத்தைக்கு இடது காது கேட்காது.

இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறந்து சொன்னதில்லை. ஓய்வுபெற்ற பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் போன காது அது. நாங்களும் கொஞ்சம் கொஞ்சமாக அவருடைய வலது பக்கத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டோம். சாப்பாட்டு மேஜையில் அவருக்கு இடது பக்கத்து நாற்காலியில் துவைத்த துணி உட்கார்ந்திருக்கும். ஒரு தடவை என் கணவர், ‘காது டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடலாமேம்மா’ என்று ஆரம்பித்தார். ‘உனக்கு முணுமுணுக்கற பழக்கம் சின்ன வயசிலேருந்தே இருக்கு’ என்று வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார் அத்தை. அதற்குமேல் முறையீடு கிடையாது. வாழ்நாள் முழுக்க இரண்டு பக்கமும் கேட்டுத் தீர்ப்புச் சொன்னவரிடம், உங்களுக்கு ஒரு பக்கம் கேட்கவில்லை என்று எந்த மருமகள் போய்ச் சொல்வாள்?

முதல்வரிடம் சொல்லியிருக்கலாம். நாக்கு வரை வந்தது, விழுங்கிவிட்டேன். சொன்னால் அது ஒரு மணி நேரத்தில் வழக்கறிஞர் சங்கம் வரைக்கும் போய்விடும். ஊரே மதிக்கிற ஒருவர், அத்தனை பேர் முன்னால், மேடையில் விழித்துக்கொண்டு நிற்கக் கூடாது. எனக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒன்றுதான். அதனால் சாமர்த்தியமாக ஒரு காரியம் செய்தேன். நடுவர் நாற்காலியை மேடையின் ஒரு ஓரத்தில் போட்டு, பேசுகிறவர்கள் இரண்டு பேரும் அத்தைக்கு வலது பக்கமே நிற்கிற மாதிரி ஏற்பாடு செய்தேன். பார்க்க வந்த முதல்வர், ‘நடுவர்னா நடுவுலதானேம்மா உக்காரணும்’ என்று சிரித்துக்கொண்டே நாற்காலியைத் தானே இழுத்து நடுவில் போட்டார். அவருக்குத் தெரிந்த நகைச்சுவை அது ஒன்றுதான். அதைச் சரியாக அன்றைக்கு எடுத்துவிட்டார்.

எந்தத் தரப்பு யாருக்கு, யார் எந்தப் பக்கம் என்பதெல்லாம் சீட்டுக் குலுக்கித்தான். பாட்டுத் தரப்பு, வலது பக்கம் என்று வந்தது மாணவர்கள் ‘இடி’ என்று கூப்பிடுகிற பையனுக்கு. மைக் இல்லாமலே தெருமுனை வரை கேட்கும் குரல் அவனுக்கு. அமைதித் தரப்பு, இடது பக்கம் என்று வந்தது ‘பஞ்சு’வுக்கு. அவள் பேசினால் பஞ்சு விழுகிற சத்தம்தான் கேட்கும் என்பதால் அந்தப் பெயர். சிந்தனையில் வகுப்பிலேயே அவள்தான் கூர்மை, குரலில்தான் கஞ்சம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

விவாதம் நன்றாகவே நடந்தது, அதாவது மற்றவர்களுக்கு. இடி எழுந்து, வீடு என்பது வாழ்வதற்கு, பாடுவதும் வாழ்வதில் சேர்த்தி, அடுத்தவர் காதில் எதுவுமே விழக் கூடாது என்றால் கைக்குழந்தை அழக்கூட முடியாது என்று அடித்துப் பேசினான். அத்தை ரசித்துக் கேட்டார். பிறகு பஞ்சு எழுந்தாள். நான் முன்வரிசையில் அவளுக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்ததால் எனக்குக் கேட்டது. அத்தை கழுத்தைத் திருப்பி, உடம்பைச் சாய்த்து, அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நீதிமன்றத்தில் நாற்பது பேர் சத்தத்துக்கு நடுவில் பொய்யை மட்டும் பிரித்துக் கேட்டவர் ஒரு சின்னப் பெண்ணின் உதட்டைப் படிக்கப் பாடுபடுவதைப் பார்க்க எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இருவரின் மறுப்புரையும் முடிந்து, கடைசியில் திருப்பிச் சொல்கிற நேரம் வந்தது. அத்தை இடியின் வாதத்தைச் சொன்னார். இடி சொன்னதைவிட நன்றாகச் சொன்னார். ‘ஆமாம் மேடம், இதைத்தான் சொன்னேன்’ என்று அவன் வாயெல்லாம் பல்லாக ஒப்புக்கொண்டான். கைதட்டல். பிறகு அத்தை இடது பக்கம் திரும்பினார். பஞ்சு எழுந்து நின்றாள். அரங்கம் காத்திருந்தது. அத்தை அவளைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“தீர்ப்பு ஒத்திவைக்கப்படுகிறது” என்றார் அத்தை.

சொல்லிவிட்டு எழுந்தார். கல்லூரி விவாதத்தில் தீர்ப்பை ஒத்திவைத்ததாகச் சரித்திரமே கிடையாது. ஆனால் அந்த வார்த்தைக்கு என்ன சக்தி பாருங்கள், அரங்கத்தில் இருந்த வழக்கறிஞர்கள் அத்தனை பேரும் சாவி கொடுத்த பொம்மைகள்போல எழுந்து தலைகுனிந்தார்கள். அவர்களைப் பார்த்து மாணவர்கள் எழுந்தார்கள், மாணவர்களைப் பார்த்து ஊர்க்காரர்கள் எழுந்தார்கள், ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அத்தை இத்தனை வருஷப் பழக்கத்தில் திரும்பி, நாற்காலிக்குப் பின்னால் இருந்த கதவைத் திறந்துகொண்டு நிமிர்ந்த நடையாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நீதிமன்றத்தில் அந்த இடத்தில் நீதிபதியின் அறை இருக்கும். எங்கள் கல்லூரியில் உடைந்த நாற்காலி போடுகிற அறை இருக்கிறது.

நான் பக்கவழியாகச் சுற்றிக்கொண்டு ஓடினேன். போன கருத்தரங்கின் பதாகைகளுக்கும் கால் போன பெஞ்சுகளுக்கும் நடுவில், ஒரு துடைப்பக் கட்டைச் சுவரோரமாகத் தள்ளிவைத்துவிட்டு அத்தை உட்கார்ந்திருந்தார். வெளியே கூட்டம் கலைகிற சத்தம். நான் போய் அவருடைய வலது பக்கத்தில் நின்றேன், பழக்கதோஷம்.

“ஒரு வார்த்தை கேக்கலை” என்றார். “ஒரு வார்த்தைகூட.”

“தெரியும் அத்தை.”

“உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். எத்தனை நாளா எனக்கு வலது பக்கமே நிக்கறே.”

எனக்கு வந்த யோசனையை நான் உடனே சொன்னேன். பஞ்சு பேசியதை முழுக்கக் குறித்துவைத்திருக்கிறேன், இங்கேயே சொல்லிவிடுகிறேன், கூட்டம் இன்னும் முழுக்கக் கலையவில்லை, இப்போதே மேடைக்குப் போய் ‘யோசித்துவிட்டேன்’ என்று தீர்ப்பைச் சொல்லிவிடலாம், ஒரு குருவிக்கும் தெரியாது என்றேன். அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். சட்டம் படித்தவளா இவள் என்கிற பார்வை.

“அவ சொன்னதை நீ கேட்டு, நீ சொல்றதை நான் கேட்டுத் தீர்ப்பு சொல்லணுமா? அதுக்குப் பேரு செவிவழிச் சாட்சியம். முதல் வருஷத்துப் பிள்ளைங்களுக்கு நீதானே அதைப் பாடம் எடுக்கறே?”

துடைப்பக் கட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சாட்சியச் சட்டம் பேசுகிற மாமியார் எத்தனை பேருக்கு வாய்க்கும்? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல வேளை, அவருக்கும் வந்தது. சிரித்து முடித்ததும் முழங்காலில் கையை ஊன்றி எழுந்து, ‘நாளைக்கு அந்தக் காது டாக்டர்கிட்ட நேரம் வாங்கிடு’ என்றார், மளிகைச் சாமான் வாங்கிவரச் சொல்கிற மாதிரி.

காது டாக்டர் பாவம். அத்தை அவரைக் குறுக்குவிசாரணை செய்தார். கேட்கும் கருவியில் காதுக்குள்ளே ஒளிந்துகொள்கிற சின்னதும் உண்டு, காதுக்குப் பின்னால் வெளியே தெரிகிற மாதிரியும் உண்டு. உங்கள் காதுக்கு வெளியே போடுவதுதான் நன்றாகக் கேட்கும், ஆனால் தெரியும், நிறைய பேர் விரும்புவதில்லை என்றார் டாக்டர். எது நன்றாகக் கேட்குமோ அது போதும், கேட்பதற்குத்தானே வந்திருக்கிறேன், அழகுபார்க்க வரவில்லையே என்று அத்தை முடித்துவிட்டார். கருவி வந்த அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் துவைத்த துணியை எடுத்துவிட்டு நான் இடது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். என் கணவர் எதிரே உட்கார்ந்து அப்பளம் கடித்தார். அத்தை திடுக்கிட்டு நிமிர்ந்து, ‘இவன் எப்பவுமே இப்படித்தான் மெல்லுவானா? நீ எப்படிம்மா இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினே?’ என்று என்னிடம் கேட்டார்.

இதற்குள் ஊரில் என்ன நடந்தது என்றால், ஒத்திவைத்த தீர்ப்பு பெரிய பேச்சாகிவிட்டது. இவ்வளவு ஆழமான தலைப்பா, நீதிபதிக்கே யோசிக்க அவகாசம் வேண்டியிருக்கிறதே என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்களாம். முதல்வர் இது தன்னுடைய திட்டம் என்கிற முகத்தோடு நடமாடினார். தீர்ப்புக்கென்று குறித்த அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் அரங்கத்தில் உட்கார இடமில்லை. சுவரோரமாக நின்றார்கள், படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். நான் அத்தையிடம் கிசுகிசுப்பாக ஒரு வழி சொல்லிவைத்திருந்தேன். தீர்ப்புக்கு முன்னால் இரண்டு தரப்பும் சுருக்கமாக இன்னொரு தடவை பேசட்டும் என்று சொன்னால் போதும், காரணம் சொல்லவே வேண்டாம் என்று. அத்தை சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மேடை ஏறும்போது பார்த்தேன், எப்போதும் காதை மூடி வாருகிற தலைமுடியை இழுத்துப் பின்னால் கொண்டை போட்டிருந்தார்.

நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

“போன வாரம் நான் தீர்ப்பை ஒத்திவெச்சது யோசிக்கறதுக்காகன்னு எல்லாரும் நினைக்கறீங்க. அது இல்லை. எனக்கு இடது காது கேக்காது. இந்தப் பொண்ணு பேசினது ஒரு வார்த்தைகூட என் காதுல விழலை. அதை அன்னிக்கே இங்கேயே சொல்லியிருக்கணும். சொல்லக் கூச்சமா இருந்துது, எழுந்து போயிட்டேன். இப்ப கருவி போட்டிருக்கேன். மறுபடி விசாரிக்கணும்.”

முதல்வர் முகத்தில் ஈயாடவில்லை. யாராவது சிரித்துவிட்டால், யாராவது ஒருத்தன் சிரித்துவிட்டால் எழுந்துபோய் அறைந்துவிடுவது என்றே முடிவு செய்துவிட்டேன். வேலை போனாலும் போகட்டும்.

பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். மருந்துக் கடைக்காரர், எல்லா விவாதத்துக்கும் வருகிறவர்.

“அம்மா, எங்களுக்கும் கேக்கலை” என்றார். “அந்தப் பொண்ணு பேசறப்ப பின்னாடி உக்காந்திருந்த எங்களுக்கு ஒண்ணுமே கேக்கலை. கேக்கலைன்னு சொன்னா மரியாதையா இருக்காதேன்னு தலையாட்டிட்டு இருந்தோம்.”

அவருக்குப் பக்கத்தில் ஒரு கை உயர்ந்தது. நடுவரிசையில் ஒரு அம்மா தன் கையையும் தூக்கி, கணவர் கையையும் பிடித்துத் தூக்கினார். வழக்கறிஞர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு அரைகுறையாகத் தூக்கினார்கள். கை, கை, அரங்கம் முழுக்கக் கை. கடைசியில் மேடையிலிருந்து இடி தயங்கித் தயங்கி எழுந்து, ‘எனக்கும் பாதிதான் கேட்டது, மறுப்புரையில மீதியைக் குத்துமதிப்பா மறுத்துப் பேசிட்டேன்’ என்று ஒப்புக்கொண்டான். அப்போதுதான் சிரிப்பு எழுந்தது. ஆனால் அது அத்தையைப் பார்த்து எழுந்த சிரிப்பில்லை. தன்னைத்தானே பார்த்து ஊரே சிரித்தது. அத்தையும் நின்றபடி சிரித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைத்துக்கொண்டு, மெல்லிய குரலை எங்கள் மைக் எடுப்பதில்லை என்று இத்தனை நாள் ஒருத்தருமே என்னிடம் சொல்லாததற்கு மனதுக்குள் எல்லோரையும் நன்றாகத் திட்டினேன்.

பிறகு நடந்ததுதான் உண்மையான விவாதம். பின்வரிசைக்காரர்கள் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு நெருங்கி வந்தார்கள். பஞ்சு தன் பாணியிலேயே, கொஞ்சமும் குரலை உயர்த்தாமல் பேசினாள். பாடுகிறவர் எங்கே பாடுவது என்று இடம் மாற்றிக்கொள்ளலாம், கேட்கிறவர் எங்கே கேட்காமல் இருப்பது, தன் வீட்டை விட்டா போவார் என்று கேட்டாள். அத்தனை பேர் ஒரே ஆளின் குரலுக்காக அடங்கி உட்கார்ந்திருப்பதை நான் அந்த அரங்கத்தில் பார்த்ததே இல்லை.

அத்தை அவளுடைய வாதத்தைத் திருப்பிச் சொன்னார். பஞ்சு எழுந்து, சரிதான், ஆனால் ஒன்று விட்டுப்போயிற்று என்றாள். நடுவரிடம் அப்படிச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். ‘சொல்லும்மா’ என்று அத்தை அவள் பக்கம் சாய்ந்தார்.

“அமைதின்னா சத்தமே இல்லாம இருக்கறது இல்லை மேடம். கீழ்வீட்டுக்காரருக்கு அவங்க வீட்டுச் சத்தத்தைக் கேக்கணும். வீட்டுல இருக்கறவங்க பேசறது, சிரிக்கறது. அதுதான் அவருக்குக் கிடைக்காம போகுதுன்னு சொன்னேன்.”

அத்தையின் கை தானாகக் காதுக்குப் போயிற்று. ‘ஆமாம், அதை நான் விட்டிருக்கக் கூடாது’ என்று அந்த வாதத்தையும் சேர்த்து இன்னொரு தடவை முழுக்கச் சொன்னார். பஞ்சு ஒப்புக்கொண்டாள்.

தீர்ப்பு அவளுக்கு எதிராகத்தான் வந்தது. உரிமை உண்டா இல்லையா என்பதுதான் கேள்வி, உண்டு. எந்த நேரத்தில், எவ்வளவு சத்தத்தில் என்பது அடுத்த கேள்வி, அதைப் பஞ்சு தரப்பின் வாதத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்றார் அத்தை. இடியைத் தோளில் தூக்கினார்கள். கைதட்டல் அடங்கவே வெகு நேரம் ஆயிற்று.

கூட்டம் மேடையைச் சூழ்ந்த நேரத்தில் பஞ்சு அத்தையிடம் வந்தாள். தோற்றவளின் முகமாக அது இல்லை. அத்தையின் இடது காதருகே குனிந்து ஏதோ சொன்னாள். இரண்டடி தள்ளி நின்ற எனக்குக் கூட்டத்தின் இரைச்சலில் ஒன்றும் பிடிபடவில்லை. அத்தை மட்டும் வாய்விட்டுச் சிரித்து, அவள் கன்னத்தைத் தட்டி அனுப்பினார்.

“என்ன அத்தை சொன்னா?”

“உனக்குக் கேக்கலையா?” என்றார் அத்தை. அதைக் கேட்பதில் அவருக்கு எத்தனை சந்தோஷம்.

வாசல் வரை நடந்து, என்னைக் கெஞ்சவிட்டு, பிறகுதான் சொன்னார். பஞ்சு தினமும் காலையில் பாட்டுப் பழகுகிறாளாம், பாடும்போது மட்டும் குரல் நன்றாக வருமாம். அவள் இருப்பது மேல்வீட்டில். அவளுடைய கீழ்வீட்டுக்காரர் இன்றைக்கு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கடைசி வரை கேட்டிருக்கிறார். சீட்டுக் குலுக்கலில் வந்த தரப்பு என்பதால் மனசாட்சிக்கு வஞ்சகமில்லாமல் வாதாடினாளாம், ஆனால் தான் ஜெயித்துவிடக் கூடாதே என்று தீர்ப்பு வரும்வரை சாமியைக் கும்பிட்டுக்கொண்டே இருந்தாளாம்.